பிழைப் பாதையில் கசியும் நினைவகம்: சி நிரலில் கண்டுபிடித்து அடைக்கும் முறை

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக் களத்தில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, சேலத்திலுள்ள அலுவலகக் கணினிக்கு அனுப்பும் சிறிய லினக்ஸ் பலகை ஒன்றுக்கு நான் சி மொழியில் நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். சேலத்தில் என் மேசைமீது இரண்டு வாரம் ஓடியபோது அதில் ஒரு குறையும் தெரியவில்லை. மலைக்குப் போய், நவம்பர் மேகமூட்டத்தில் இணைப்பு விட்டுவிட்டு வரத் தொடங்கியதும், நிரல் நாளுக்கொரு முறை பேச்சுமூச்சில்லாமல் நின்றது. தோட்டத்து ரைட்டர் காலையில் வந்து பலகையை அணைத்துப் போடுவார். அது மறுபடி ஓடும். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனா ஓடிருதுங்க சார்" என்று அவர் சொன்னதை நானும் ஒரு மாதம் ஏற்றுக்கொண்டிருந்தேன். அணைத்துப் போட்டால் சரியாகும் கோளாறு பெரும்பாலும் கசிவுதான், அதாவது வாங்கியதை நிரல் திருப்பித் தராமல் விடுவதுதான், என்பதை அப்போதே நினைவில் கொண்டிருக்க வேண்டும்.

நிரலில் அனுப்பும் வேலையைச் செய்த செயற்கூறு நான்கு காரியங்களைச் செய்தது. மாலாக் என்ற நூலகச் செயற்கூற்றைக் கொண்டு 4096 பைட் இடம் வாங்கிச் செய்தியை அதில் எழுதியது, கெட்அட்ரின்ஃபோ மூலம் அலுவலகக் கணினியின் முகவரிப் பட்டியலைப் பெற்றது, வலையில் பேசும் முனையான சாக்கெட் ஒன்றைத் திறந்தது, பிறகு இணைத்தது. இணைப்பு கிடைக்காவிட்டால், அந்த இடத்திலேயே −1 என்று விடை சொல்லித் திரும்பியது. வாங்கிய இடம், பெற்ற பட்டியல், திறந்த சாக்கெட் ஆகிய மூன்றும் அப்படியே கிடந்தன. நாளெல்லாம் இணைப்பு இல்லையென்றால் 1440 தோல்விகள்; ஒவ்வொன்றுக்கும் 4096 பைட் என்றால் நாளுக்கு 58,98,240 பைட். 512 எம்பி நினைவகம் கொண்ட பலகை அந்தக் கசிவைக்கூட மூன்று மாதம் தாங்கியிருக்கும். ஆனால் லினக்ஸில் ஒரு நிரல் ஒரே நேரத்தில் திறந்துவைத்திருக்கக்கூடிய கோப்பு எண்களுக்கு வழக்கமான வரம்பு 1024. சாக்கெட்டும் அந்தக் கணக்கில்தான் சேரும். நிமிடத்துக்கு ஒன்று என்று கசிந்தால் அந்த வரம்பு 17 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இரவெல்லாம் மேகம் மூடியிருந்தால் காலையில் பலகை நின்றுகிடந்ததன் காரணம் இதுதான்.

மேசைமீது ஓடியபோது இணைப்பு ஒருமுறைகூட அறுந்ததில்லை என்பதால், ஏதேனும் தோற்றால் மட்டும் ஓடும் அந்தப் பிழைப் பாதை அதுவரை ஒருமுறையும் ஓடியிருக்கவில்லை. புதிதாகச் சி பழகுகிறவர்கள் முதலில் மனத்தில் பதிக்க வேண்டிய செய்தி இது. பிழைப் பாதை அரிதாக நடக்கும் ஓரப் பாதை என்று நாம் எழுதும்போது நினைக்கிறோம். நிரல் போய்ச் சேரும் இடத்தில் அதுவே பிரதான சாலையாக இருக்கக்கூடும். ஆகவே அதையும் அதே கவனத்தோடு எழுதி, அதையும் ஓட்டிப் பார்த்தாக வேண்டும். அதற்கான வழியைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: வாங்கியவற்றையும் வாசல்களையும் எண்ணுதல்

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். தாளும் பென்சிலும் போதும். செயற்கூற்றை அச்செடுத்து, திருப்பித் தரவேண்டிய எதையாவது வாங்கும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போடுங்கள். மாலாக், காலாக், ரீஅலாக், ஸ்டர்டப் ஆகியவை கண்ணுக்குத் தெரிந்தவை. எஃப்ஓப்பன், ஓப்பன், சாக்கெட், ஓப்பன்டிர் ஆகியவையும் வாங்குகிறவைதான். கெட்அட்ரின்ஃபோ போன்றவை உள்ளுக்குள் இடம் வாங்கி நம் கையில் தருவதை, கையேட்டைப் படித்தால்தான் அறிய முடியும். அடுத்ததாக, செயற்கூற்றை விட்டு வெளியேறும் ஒவ்வொரு ரிட்டர்ன் வரியையும் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் நின்று, அதுவரை போட்ட கூட்டல் குறிகளில் எவையெல்லாம் இன்னும் நம் கையில் இருக்கின்றன என்று ஓரத்தில் எழுதுங்கள்.

என் செயற்கூற்றில் ஆறு வாசல்கள் இருந்தன. இடம் கிடைக்காத முதல் வாசலில் கையில் ஒன்றுமில்லை. முகவரி கிடைக்காத இரண்டாவதில் இடம் மட்டும் இருந்தது. சாக்கெட் திறக்காத மூன்றாவதில் இடமும் பட்டியலும் இருந்தன. இணைக்க முடியாத நான்காவதிலும், செய்தி பாதியில் நின்ற ஐந்தாவதிலும் மூன்றுமே இருந்தன. எல்லாம் நன்றாக முடிந்த ஆறாவதில் மட்டும் மூன்றையும் ஒழுங்காக விட்டிருந்தேன். தாளில் எழுதிப் பார்த்தவுடன், நான்கு வாசல்களில் கசிவு இருப்பது பளிச்சென்று தெரிந்தது. ஒரு மாதமாகத் தெரியாதது பத்து நிமிடத்தில் தெரிந்தது.

இரண்டாம் படி: மாறிகளுக்குத் தொடக்க மதிப்பு

திருப்பித் தரவேண்டிய ஒவ்வொன்றையும் குறிக்கும் மாறியைச் செயற்கூற்றின் தலைப்பிலேயே அறிவித்து, "இன்னும் வாங்கவில்லை" என்று பொருள்படும் மதிப்பை அதற்குக் கொடுத்துவிடுங்கள். சுட்டிகளுக்கு அது நல் எனப்படும் வெற்றுச் சுட்டி. கோப்பு எண்களுக்கு அது −1. இங்கே பலரும் இடறும் ஓர் இடம் உண்டு: கோப்பு எண்ணுக்குப் பூஜ்யத்தைத் தொடக்கமாக வைக்கக் கூடாது. பூஜ்யம் என்பது நிரலின் இயல்பு உள்ளீட்டுக்கு உரிய உண்மையான எண். திறக்காத சாக்கெட்டை மூடுவதாக எண்ணி அதைத்தான் மூடிவிடுவீர்கள். காலாக் கொண்டு கட்டமைப்பு ஒன்றை வாங்கினால் உறுப்புகள் எல்லாம் பூஜ்யமாக வருவது சுட்டிகளுக்கு வசதிதான் என்றாலும், அதனுள் கோப்பு எண் இருந்தால் உடனே −1 என்று கைப்பட மாற்றிவிட வேண்டும்.

வாங்கிய இடத்தை விடும் ஃப்ரீயிடம் வெற்றுச் சுட்டியைக் கொடுத்தால் அது ஒன்றும் செய்யாமல் திரும்பும் என்று சி மொழியின் தரவரையறை உறுதி தருகிறது. ஆகையால் ஃப்ரீக்கு முன்னால் சோதனை தேவையில்லை. இந்தச் சலுகையை எல்லாவற்றுக்கும் நீட்டிவிடாதீர்கள். கோப்பை மூடும் எஃப்குளோஸுக்கு வெற்றுச் சுட்டியைக் கொடுத்தால் நிரல் விழுந்துவிடலாம். ஆகவே அங்கே சோதித்த பிறகே மூட வேண்டும்.

மூன்றாம் படி: ஒரே இறக்கம்

இனி ஆறு வாசல்களையும் ஒன்றாக்க வேண்டும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதும், ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருப்பதும் ஊரார் அறிந்தவை. ஏழாவது வளைவைத் தாண்டியதும் வண்டி மக்கர் செய்தால், திரும்பி இறங்குகிறவர் ஏழு, ஆறு, ஐந்து என்று தாண்டி அடிவாரம் வந்துசேர்வார். அவர் ஏறாத எட்டாவது வளைவை இறங்கும்போது பார்க்கப் போவதில்லை, ஏறிய எதையும் விட்டுவிட்டு இறங்கவும் முடியாது. பிழைப் பாதையும் அப்படியே அமைய வேண்டும்: எந்த இடத்தில் தோற்றோமோ அந்த உயரத்திலிருந்து, வாங்கிய வரிசைக்கு நேர்மாறான வரிசையில் விட்டுக்கொண்டே கீழே வர வேண்டும். என் செயற்கூற்றைத் திருத்திய பிறகு அதன் எலும்புக்கூடு இப்படி இருந்தது:

இடம் = நல்; பட்டியல் = நல்; சாக்கெட் = −1; விடை = −1
இடம் வாங்கு; கிடைக்காவிட்டால் "முடிவு" என்ற இடத்துக்குப் போ
பட்டியல் வாங்கு, கிடைக்காவிட்டால் "இடத்தை_விடு" என்ற இடத்துக்குப் போ
சாக்கெட் திற, திறக்காவிட்டால் "பட்டியலை_விடு" என்ற இடத்துக்குப் போ
இணை, முடியாவிட்டால் "சாக்கெட்டை_மூடு" என்ற இடத்துக்குப் போ
அனுப்பு, முடியாவிட்டால் "சாக்கெட்டை_மூடு" என்ற இடத்துக்குப் போ
விடை = 0
சாக்கெட்டை_மூடு: சாக்கெட்டை மூடு
பட்டியலை_விடு: பட்டியலை விடு
இடத்தை_விடு: இடத்தை விடு
முடிவு: விடையைத் திருப்பு

"போ" என்று எழுதியிருப்பவை எல்லாம் கோட்டூ கட்டளைகள். எல்லாம் நன்றாக முடிந்தாலும் கட்டுப்பாடு அதே இறக்கத்தின் வழியாகவே வருவதைக் கவனியுங்கள். ஆகவே விடும் வரிகள் ஓரிடத்தில் மட்டும் இருக்கின்றன. பின்னாளில் நடுவில் நான்காவதாக ஒன்றை வாங்கச் சேர்த்தால், ஏறும் பக்கம் ஒரு வரியும் இறங்கும் பக்கம் ஒரு வரியும் சேர்த்தால் போதும்.

கோட்டூவைத் தொடவே கூடாது என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1968-இல் எழுதிய புகழ்பெற்ற கடிதத்திலிருந்து வளர்ந்த எச்சரிக்கை அது. நிரலின் ஓட்டம் முன்னும் பின்னும் தாவிச் சிக்கலாவதைப் பற்றியது என்ற அளவில் அது சரியானதே. ஆனால் ஒரே செயற்கூற்றுக்குள், முன்னோக்கி மட்டும், விடும் வேலைக்காக மட்டும் தாவுவதில் அந்தச் சிக்கல் எழுவதில்லை. லினக்ஸின் உட்கருவான கெர்னலின் எழுத்துநடைக் கையேடே இம்முறையைப் பரிந்துரைக்கிறது. தாவும் இடங்களுக்குப் பிழை ஒன்று, பிழை இரண்டு என்று எண் வைக்காமல், அங்கே என்ன விடப்படுகிறது என்பதைப் பெயராக வைக்கவும் சொல்கிறது. இடையில் ஒன்று சேர்ந்தால் எண்கள் எல்லாம் மாறிப்போகும் என்பதை அனுபவித்தவர்கள் இந்த அறிவுரையை உடனே ஏற்றுக்கொள்வார்கள். கோட்டூ வேண்டாமென்று ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து அடுக்கு இஃப் போட்டவர்களின் நிரலையும் நான் திருத்தியிருக்கிறேன். படிப்பதற்கு அதுவே கடினம்.

ஜிசிசி, கிளாங் என்ற தொகுப்பிகளில் கிளீனப் என்றொரு பண்பு உண்டு. மாறி தன் எல்லையை விட்டு நீங்கும்போது தானாகவே ஒரு செயற்கூற்றை அழைக்கச் செய்யும். லினக்ஸ் கெர்னலிலேயே 2023 முதல் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அது தரச் சி மொழியில் இல்லாததால், புதியவர்கள் முதலில் கையால் விடப் பழகிய பிறகே அதன் பக்கம் போகவேண்டும் என்பது என் எண்ணம்.

நான்காம் படி: யாருடைய பொறுப்பு என்று முடிவுசெய்தல்

மேலே சொன்ன செயற்கூறு வாங்கிய எல்லாவற்றையும் தானே விட்டது. சில செயற்கூறுகள் வாங்கியதை அழைத்தவரிடம் ஒப்படைக்கும். மூட்டை ஒன்றின் விவரத்தை உருவாக்கித் தரும் செயற்கூற்றை எடுத்துக்கொள்ளுங்கள்: கட்டமைப்புக்கு ஓரிடம், தோட்டத்தின் பெயரை நகலெடுக்க ஸ்டர்டப், காப்பியின் தரத்துக்கு இன்னொரு ஸ்டர்டப். மூன்றாவது தோற்றால் முதல் இரண்டையும் விட்டாக வேண்டும். மூன்றும் வெற்றி பெற்றால் எதையும் விடக் கூடாது. இங்கே நான் பின்பற்றும் வழி, கட்டமைப்பைக் காலாக் கொண்டு வாங்கி, பாதி நிரம்பியதையும் முழுதும் நிரம்பியதையும் ஒன்றுபோல் ஏற்று அழிக்கும் ஒரே அழிப்புச் செயற்கூற்றை எழுதிவிடுவது. நிரம்பாத சுட்டிகள் வெற்றாகவே இருப்பதால் ஃப்ரீ அவற்றைப் பொருட்படுத்தாது. ஆனால் அழிப்புச் செயற்கூற்றின் முதல் வரியில் கட்டமைப்பே வெற்றுச் சுட்டியா என்று பார்க்க மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் இல்லாத கட்டமைப்பின் உறுப்பைத் தேடிப் போய் நிரல் விழும்.

வரிசையாகப் பத்துப் பெயர்களை வாங்கும் சுழற்சியில் ஏழாவது தோற்றால், முந்தைய ஆறையும் பின்னோக்கி எண்ணி விட்டு, அதன் பிறகே அவற்றைத் தாங்கிய அணியை விட வேண்டும். அணியை முதலில் விட்டால், ஆறு பெயர்களின் இருப்பிடமும் அதோடு போய்விடும்.

விட்ட சுட்டியை உடனே வெற்றாக்கிவிடுவதும் நல்ல பழக்கம். கசிவை அடைக்கப் போய் ஒரே இடத்தை இரண்டு முறை விடுவது கசிவைவிடக் கொடியது. கசிவு நிரலை மெல்ல நிறுத்தும், இரட்டை விடுப்பு நினைவகத்தையே குலைத்துவிடும்.

கண்ணுக்குத் தப்பும் மூன்று இடங்கள்

முதலாவது ரீஅலாக். ஒரு சுட்டியைப் பெரிதாக்கி, விடையை அதே சுட்டியில் ஏற்றும் வரியை எல்லோரும் எழுதியிருப்போம். ரீஅலாக் தோற்றால் வெற்றுச் சுட்டியைத் திருப்பும். ஆனால் பழைய இடத்தை அது விடுவதில்லை. நாமோ பழைய முகவரியின்மேல் வெற்றை எழுதிவிட்டோம். இனி அந்த இடத்தை விட வழியே இல்லை. விடையைத் தனியாக ஒரு தற்காலிகச் சுட்டியில் வாங்கி, அது வெற்றல்ல என்று பார்த்த பிறகே பழைய சுட்டிக்கு மாற்றுங்கள்.

இரண்டாவது, கோப்பிலிருந்து வரி படிக்கும் கெட்லைன். கோப்பின் முடிவை எட்டியோ பிழை நேர்ந்தோ அது −1 திருப்பினாலும், வரிக்காக அது வாங்கிய இடம் நம் பொறுப்பில்தான் இருக்கிறது. "ஒன்றும் படிக்கவில்லையே, எதை விடுவது?" என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் பலர்.

மூன்றாவது கசிவு அல்ல. கசிவை அடைக்கும்போது நாமே உண்டாக்கும் குறை. இணைப்பு தோற்ற காரணம் எர்நோ என்ற மாறியில் இருக்கும். இறங்கும் பாதையில் நாம் அழைக்கும் செயற்கூறுகள் அதை மாற்றிவிடக்கூடும். அப்போது பதிவேட்டில் தவறான காரணம் எழுதப்படும். எனவே தாவுவதற்கு முன் எர்நோவை ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: கருவிகளிடம் கேட்டல்

தாளில் எண்ணிய பிறகும் கண் தப்பியது இருக்கும். வால்கிரைண்ட் என்ற கருவியின் கீழ், பிழைதிருத்தத் தகவலோடு தொகுத்த நிரலை, லீக்-செக் விருப்பத்தை ஃபுல் என்று வைத்து ஓட்டுங்கள். ட்ராக்-எஃப்டிஸ் விருப்பத்துக்கு யெஸ் சொன்னால், மூடாமல் விட்ட கோப்புகளையும் சாக்கெட்டுகளையும் அது பட்டியலிடும். நிரல் இருபது முப்பது மடங்கு மெதுவாக ஓடும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். அறிக்கையில் "டெஃபினிட்லி லாஸ்ட்" என்ற தலைப்பின் கீழ் வருபவற்றை முதலில் பாருங்கள். அவற்றைச் சுட்டும் சுட்டி எதுவும் நிரலில் மிச்சமில்லை என்று பொருள். "ஸ்டில் ரீச்சபிள்" என்பவை நிரல் முடியும்போதும் நம் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தவை. அவற்றைப் பிறகு பார்க்கலாம்.

அறிக்கையைப் படிக்கும்போது புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. கருவி காட்டும் வரி எண், இடம் எங்கே வாங்கப்பட்டது என்பதைக் காட்டும். எங்கே தொலைந்தது என்பதைக் காட்டாது. என் அறிக்கை மாலாக் இருந்த வரியைச் சுட்டியது; அந்த வரியில் ஒரு தவறும் இல்லை. அங்கிருந்து புறப்பட்டு, முதல் படியில் வட்டமிட்ட வாசல்களை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து போனால்தான் தொலைந்த இடம் அகப்படும்.

வேகமாக வேண்டுமென்றால், ஜிசிசியிலோ கிளாங்கிலோ நினைவகத் தவறுகளைக் கண்காணிக்கும் அட்ரஸ் சானிட்டைசரை இயக்கித் தொகுக்கலாம். லினக்ஸில் நிரல் முடியும்போது அதுவே கசிவையும் சொல்லும். ஆனால் நிரல் தானாக முடிய வேண்டும். கன்ட்ரோல்-சி அழுத்திக் கொன்றால் கசிவு அறிக்கை வராது. என்னுடையதுபோல் ஓயாமல் சுற்றும் நிரலென்றால், சோதனைக்காகப் பத்துச் சுற்றில் முடியும்படி ஒரு வரம்பு வையுங்கள். 2020-இல் வந்த ஜிசிசி 10 முதல் எஃப்-அனலைசர் என்ற விருப்பமும் உண்டு. நிரலை ஓட்டாமலேயே பாதைகளை ஆராய்ந்து, எந்த வாசலில் எது விடுபட்டது என்று அடியடியாகக் காட்ட முயலும். சில நேரம் வீணாக அலறும் என்றாலும், பழகுகிறவர்களுக்கு அது நல்ல ஆசிரியர்.

ஆறாம் படி: தோல்வியை வரவழைத்தல்

ஓடாத பாதையில் இருக்கும் கசிவை வால்கிரைண்டும் காணாது. எனவே மேகம் மூடும் வரை காத்திராமல், மேசைமீதே தோல்வியை உண்டாக்க வேண்டும். இணைப்புத் தோல்விக்கு எளிய வழி, யாரும் காத்திருக்காத ஒரு வாயில் எண்ணைச் சொந்தக் கணினியிலேயே முகவரியாகக் கொடுப்பது, உடனே மறுக்கப்படும்.

மாலாக் தோற்பது இன்னும் அரிது. லினக்ஸ் கையிருப்புக்கு மீறியும் இடம் தருவதாக ஒப்புக்கொள்ளும் இயல்புடையது. அதனால் அந்த வாசல் ஆண்டுக்கணக்கில் சோதிக்கப்படாமல் கிடக்கும். நிரலின் துண்டுகளைக் கோத்துத் தரும் லிங்கருக்கு ரேப் என்ற விருப்பத்தைக் கொடுத்தால், நம் நிரலிலிருந்து மாலாக்கை அழைக்கும் இடங்களெல்லாம் நாம் எழுதிய மாற்றுச் செயற்கூற்றுக்கு வரும். அதில் ஒரு எண்ணியை வைத்து, முதல் ஓட்டத்தில் முதல் அழைப்பையும், இரண்டாம் ஓட்டத்தில் இரண்டாம் அழைப்பையும், இப்படியே ஒவ்வொன்றாகத் தோற்கச் செய்யுங்கள். தோல்வியே நேராமல் நிரல் முழுதாக முடியும்வரை எண்ணை ஏற்றிக்கொண்டே போங்கள். எஸ்கியூலைட் தரவுத்தளத்தை உருவாக்கியவர்கள் நினைவகத் தோல்வியை இந்த முறையில்தான் சோதிக்கிறார்கள். ஒவ்வொரு ஓட்டமும் சானிட்டைசரின் கீழ் நடக்கட்டும். ஸ்டர்டப் தனக்குள் அழைக்கும் மாலாக் இந்த வலையில் சிக்காது. அது நூலகத்துக்குள் நடப்பது என்பதால் ஸ்டர்டப்புக்கும் தனியாக மாற்று எழுத வேண்டும்.

என் சிறிய நிரலை இவ்வாறு ஓட்டியபோது, தாளில் பிடித்த நான்கு வாசல்களுக்கு மேல் ஐந்தாவதாக ஒன்று, அமைவுக் கோப்பைப் படிக்கும் செயற்கூற்றில் அகப்பட்டது. மேலே சொன்ன கெட்லைன் தவறேதான்.

கடைசியாக, ஓடிக்கொண்டிருக்கும் நிரலை வெளியிலிருந்து பாருங்கள். ப்ராக் அடைவில், நிரலின் எண்ணைத் தாங்கிய உட்பிரிவுக்குள் எஃப்டி என்றொரு அடைவு இருக்கும். அதிலுள்ளவற்றை எண்ணினால் நிரல் அந்த நேரத்தில் திறந்துவைத்திருப்பவை எத்தனை என்று தெரியும். திருத்திய நிரலைப் பலகையில் ஏற்றி, மலைக்கு அனுப்புமுன் வலைக்கம்பியைப் பிடுங்கிவிட்டு ஒரு நாள் முழுதும் ஓடவிட்டேன். முதல் நாள் மாலை எண்ணியபோது 4 இருந்தன: இயல்பாக வரும் மூன்றும், பதிவேட்டுக் கோப்பும். மறுநாள் மாலை, 1440 தோல்விகளுக்குப் பிறகு எண்ணியபோதும் அதே 4 இருந்தன.